அவுட் என்று எழுதிய துவாரம்

பொதுமக்களிடமிருந்து வரும் மனுவுக்கு மூன்று நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஒரு மாதத்தில் முடியாதென்றால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்ப வேண்டும். முப்பத்து நான்கு வருடம் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் விதி இது. நாங்கள் அதைப் பின்பற்றினோம் என்று சொல்லவில்லை. விதி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். விதி என்று ஒன்று இருந்தால், மீறியவனை உட்காரவைத்து விளக்கம் கேட்கவும் ஓர் இடம் இருக்கும். நான் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு எழுதிய கடிதத்துக்கு அப்படி ஓர் இடம் இல்லை. எழுதிய இரண்டாவது நிமிடத்தில் ஒப்புகை வந்தது. வாசித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் நீளத்தில் ஓர் எண் கொடுத்தார்கள். இரண்டு வேலை நாட்களில் தொடர்புகொள்வோம் என்றார்கள். அந்த இரண்டு வேலை நாட்கள் இன்றுவரை முடியவில்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த உங்கள் மேசைக் கம்ப்யூட்டர் என்னிடம் இருக்கிறது; அதில் கம்ப்யூட்டர் பாகம் பழுதாகிவிட்டது, திரை நன்றாக இருக்கிறது; அந்தத் திரையை மட்டும் என் புது லேப்டாப்புக்கு மானிட்டராக வைத்துக்கொள்ள வழி உண்டா? மாடல் எண், வரிசை எண், ரசீதின் நகல் எல்லாம் இணைத்திருந்தேன். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும் என்றும் குறிப்பிட்டிருந்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. இரண்டரை வாரத்துக்குள் அந்தத் திரையில் எழுத்து தெரியாவிட்டால், பங்குத் திருவிழாவன்று கோயில் நிறைந்த கூட்டத்தின் முன்னால் என் மனைவி அகப்பட்டுக்கொள்வாள்.

என் மனைவி தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலில் இருபத்தாறு வருடமாக ஞாயிறு திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவர்களில் ஒருத்தி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவள் முறை வரும். திருவிழாவன்று எப்போதும் அவள்தான். மார்க்கெட்டில் கத்தரிக்காய் விற்கிற அம்மா அவள் முகத்தைப் பார்க்காமலே, “எவ்வளவு?” என்று கேட்ட குரலை வைத்து, “வாசக டீச்சரா? வாங்க” என்பார். நான் முப்பத்து நான்கு வருடம் கையெழுத்துப் போட்ட ஊரில் என் கையெழுத்தை அடையாளம் கண்டு ஒருவரும் கத்தரிக்காய் கொடுத்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, வாசலில் நின்று, “அந்தக் கரண்டு கம்பம் ஏன் வளைஞ்சு நிக்கிது?” என்று கேட்டாள். கம்பம் நேராகத்தான் நின்றது. மதுரைக்குக் கூட்டிப் போனேன். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் காட்டினார்கள். நடுவில் இருக்கிற கோடெல்லாம் நெளிகிறது என்றாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஊசி போட்டால் தேய்வது மெதுவாகும், நிற்காது, முழு இருட்டு ஆகாது, ஓரப் பார்வை இருக்கும், நேராக எதைப் பார்க்கிறோமோ அது மட்டும் மங்கிப் போகும். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“வாசிக்க முடியுமா டாக்டர்?”

“பெரிய எழுத்தா இருந்தா, கொஞ்சம் பக்கவாட்டுல பார்த்துப் பழகினா, முடியும்மா.”

திரும்பி வரும் பஸ் சின்னாளபட்டியைத் தாண்டியது. அவள், “யார்ட்டயும் சொல்லக் கூடாது. மககிட்டயும்” என்றாள்.

“ஏன்?”

“சொன்னா அன்னிக்கே பட்டியல்ல இருந்து பேரை எடுத்துருவாங்க. பாவம் டீச்சர்னு சொல்லிக்கிட்டே எடுப்பாங்க.”

நான் மறுக்கவில்லை. முன்னுதாரணம் இருந்தது. எங்கள் பங்கில் கை நடுங்குகிற ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தின் தாள் மைக்கில் படபடத்தது என்பதுதான் அவர் மீதான ஒரே குற்றம். ஒரு ஞாயிறு அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் இல்லை. பணிநீக்க ஆணைகள் பல நான் தட்டச்சு செய்து பார்த்திருக்கிறேன். சரிகை வைத்தது அது ஒன்றுதான்.

ஆக, அவள் ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய மேசைக் கம்ப்யூட்டரின் திரை இருபத்தேழு அங்குலம். அதில் வாசகத்தை நான் தட்டச்சு செய்து, கறுப்புத் தரையில் வெள்ளை எழுத்தாக, ஒவ்வோர் எழுத்தும் கட்டைவிரல் அகலத்துக்கு வைத்துக் கொடுப்பேன். திரையின் சட்டத்தில், இடது மேல் மூலையில், ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தாள். பொட்டைப் பார்த்தால் அதன் கீழே இருக்கிற வரி ஓரப் பார்வைக்கு வந்து நிற்கும். எழுத்தை நேராகப் பார்த்தால் எழுத்து ஓடிவிடும். பொட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, புதன் தொடங்கி சனி வரை மனப்பாடம் செய்வாள். ஞாயிறன்று வாசக மேடையில் புத்தகம் திறந்திருக்கும், அவள் விரல் வரியின் மேல் நகரும், கண்ணும் குனிந்திருக்கும். வாயிலிருந்து வருவது மட்டும் மனசிலிருந்து வரும். தாளைப் புரட்ட வேண்டிய இடத்தில் புரட்டவும் செய்வாள். இரண்டு வருடம் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஐந்து நிமிடமும் நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து, தணிக்கைக்காரர் கோப்பைப் புரட்டும்போது உட்கார்ந்திருந்ததைப் போல உட்கார்ந்திருப்பேன்.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது கம்ப்யூட்டர் நின்றது. பொத்தானை அழுத்தினால் திரை வெளிச்சம் பெறும், கம்பெனியின் முத்திரை வரும், அதோடு சரி. அரை மணி நேரம் காத்திருந்தாலும் முத்திரைதான். வாங்கிய கடையில், “மதர்போர்டு போயிருச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப பார்ட்ஸ் வாரதில்ல” என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அந்த முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மூளை போச்சு, கண்ணு இருக்கு. எனக்கு நேர்மாறு” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் முந்தின வருடம் அனுப்பிய லேப்டாப் ஒன்று இருந்தது. புத்தம்புது; திரை மட்டும் சின்னது. என் மனைவிக்கு வேண்டிய அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு ஒன்றரை வார்த்தை நின்றது. நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அது வரும்வரை கீழே தள்ளிக்கொண்டே போனால் தொடக்கம் மேலே போய் மறைந்துவிடுகிறது.

“பயனிலை வாரதுக்குள்ள எழுவாய் ஓடிப் போயிருது. யாரு செஞ்சா, எதைச் செஞ்சான்னே தெரியல” என்றாள்.

“எங்க ஆபீஸ்ல எல்லாக் கடிதமும் அப்படித்தான்” என்றேன்.

“அதனாலதான் அதை ஒருத்தனும் மனப்பாடம் பண்ணல.”

புது மானிட்டர் ஒன்று வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வாங்கினால் மகள் காமிராவில் பேசும்போது பார்ப்பாள், ‘எதுக்கும்மா இம்புட்டுப் பெருசு’ என்பாள், அங்கிருந்து பிடித்து எல்லாவற்றையும் கறந்துவிடுவாள் என்றாள். பழையது மேசையில் இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். என் பங்குக்கும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. பழைய பொருளை உரிய முறையில் கழிவுநீக்கம் செய்யாமல் புதிய பொருளுக்குக் கோரிக்கை வைக்கக் கூடாது என்பது என் எலும்பில் ஏறிப்போன விதி. திரை நல்ல நிலையில் இருக்கும்போது கழிவு என்று எப்படி எழுதுவது? டிவி இருக்கிறது, ஆனால் அது சுவரில் ஏழடி உயரத்தில் மாட்டியிருக்கிறது. அவளுக்கு ஒரு சாண் தூரம் வேண்டும். காகிதத்தில் கறுப்பு எழுத்தென்றால் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைத்து எழுத்தை விழுங்கிவிடுகிறது. கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து போட்டுக் கேட்டதற்கு, ரயிலடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர், “டோனர் பூரா குடிச்சிரும் சார், வேற வேலை இருந்தாச் சொல்லுங்க” என்று கும்பிட்டார்.

நான் வாசித்துக் காட்டுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். நான்கு வரி வாசித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வேணாங்க. நீங்க வாசிச்சா கடவுள் சுற்றறிக்கை அனுப்புன மாதிரி இருக்கு. அது அப்படியே மனசுல ஏறிருச்சுன்னா, நான் மேடைல நின்னு அப்படியே ஒப்பிப்பேன்.”

லேப்டாப்பையும் பழைய திரையையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நம்பினேன். இரண்டிலும் ஒரே மாதிரித் துவாரம் இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கேபிள் வாங்கி வந்து செருகினேன். திரையில் முத்திரை. கழற்றி மாற்றிச் செருகினேன். முத்திரை. முனைகளை மாற்றிப் போட்டேன். முத்திரை. மூன்று நாள், அரசுத் தேர்வு எழுதுகிறவனைப் போல, லேப்டாப்பின் எல்லா அமைப்புப் பக்கங்களையும் படித்தேன், குறிப்பெடுத்தேன். நான்காம் நாள் காலை அவள் தன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பழைய திரையின் முதுகுப்பக்கம் போனாள். முகத்தை அதன்மேல் பதித்துத் தலையைச் சாய்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

“இதுல ‘அவுட்’னு போட்டிருக்கு.”

“தெரியும். பாத்துட்டுத்தான் செருகினேன்.”

“அவுட்னா வெளிய அனுப்புறதுல்ல? நீங்க உள்ள அனுப்பப் பாக்குறீங்க.”

நான் அந்தச் சொல்லை முதல் நாளே படித்திருந்தேன். படித்துத் திருப்திப்பட்டும் இருந்தேன். எங்கள் அலுவலகத்தில் தபால் வைக்க இரண்டு தட்டுகள். ஒன்றில் ‘உள்’ என்றும் ஒன்றில் ‘வெளி’ என்றும் ஒட்டியிருக்கும். ‘வெளி’ என்ற தட்டில் வெளியிலிருந்து வந்த கடிதங்கள் கிடக்கும். ‘உள்’ என்பதில் எங்கள் பிரிவுகளுக்குள்ளேயே ஓடுகிறவை. யார் எந்தக் காலத்தில் ஒட்டினார்களோ தெரியாது, முப்பத்து நான்கு வருடம் அப்படித்தான். ஆகவே ‘அவுட்’ என்றால் வெளியிலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும் துவாரம் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் முடிவுசெய்திருந்தேன். உண்மையில் நான் செய்திருந்தது, இரண்டு அனுப்புகைப் பிரிவுகளை எதிரெதிரே உட்காரவைத்ததுதான். இரண்டும் அனுப்பிக்கொண்டே இருந்தன. வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லை.

அன்றைக்குத்தான் கம்பெனிக்கு எழுதினேன்.

நாகல் நகரில் ஒரு டிவி மெக்கானிக் இருக்கிறார். அகரத்திலிருந்து தினமும் பைக்கில் வருகிறவர், ஐம்பது வயது இருக்கும், காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர். அவரிடம் விவரம் சொன்னேன்.

“பேனல் நல்லாருக்குல்ல சார்? அம்புட்டுத்தான். வயித்துல இருக்கறதப் பூராம் உருவிப் போட்டுட்டு வேற ஒரு போர்டு வச்சா மானிட்டராயிரும். போர்டு மதுரைல கிடைக்கும்.”

“உறுதியா ஆகுமா?”

“ஆகும். ஆனா முன்கண்ணாடிய ஒட்டிவச்சிருக்கான். சூடு காட்டி நெம்பித்தான் எடுக்கணும். விரிசல் விட்டா என்னையக் கேக்கக் கூடாது.”

“எத்தனை தடவை விரிசல் விட்டிருக்கு?”

“நான் எண்ணுறதில்ல சார். எண்ணுனா கை நடுங்கும்.”

இந்தப் பதிலைக் கேட்ட யாருக்கும் தைரியம் வரும். எனக்கு மட்டும் வரவில்லை. திறந்து விரிசல் விட்டால் இருப்பதும் போச்சு. திறக்காமலே வழி இருக்கலாம், கம்பெனி சொல்லலாம், இரண்டு வேலை நாட்கள்தானே என்று கோப்பை நிலுவையில் வைத்தேன். சனி, ஞாயிறைக் கழித்தேன். உள்ளூர் விடுமுறை ஒன்று வந்தது, அதையும் பெரிய மனதோடு கழித்தேன். காலை எழுந்ததும் மின்னஞ்சல் பார்ப்பேன். காபி குடித்ததும் பார்ப்பேன். குப்பை வண்டிக்காரர் மணியடித்துவிட்டுப் போனதும் பார்ப்பேன். முதல் நினைவூட்டு அனுப்பினேன். அதற்கும் புதிதாக ஓர் எண் தந்தார்கள். இப்போது என் ஒரே கேள்விக்கு இரண்டு எண்கள் இருந்தன.

இதற்கிடையில் அவளைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. சாம்பார் ஊற்றும்போது கரண்டி கிண்ணத்துக்கு நேராக இருக்கிறதா, படியில் கால் எங்கே வைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். காலண்டருக்கு முன்னால் நின்று, “இன்னிக்குத் தேதி என்ன?” என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

“சோதனை போடாதீங்க” என்றாள் திரும்பாமலே. “நான் டீச்சரா இருந்தவ. பரீட்சை வைக்கிற மூஞ்சி எனக்குத் தெரியும்.”

“மூஞ்சிதான் தெரியாதே உனக்கு.”

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. “காதுக்குத் தெரியும்” என்றாள்.

திருவிழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், நான் இரண்டாவது நினைவூட்டு தயாரித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவள் பழைய திரையைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

“எங்க போற?”

“நாகல் நகர். உங்க தபால் வரட்டும், வந்ததும் ஃபைல்ல வைங்க. எனக்குப் பதினாறு வரி படிக்கணும்.”

“விரிசல் விட்டா?”

“விட்டா வெளியவே சொல்லிட்டுப் போறேன், எனக்குத் தெரியலன்னு. பொன்னாடைக்கு என்ன கலர்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.”

நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். மெக்கானிக் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். சூடு காட்டும் கருவியைச் சட்டத்தைச் சுற்றி நகர்த்தி, அட்டைபோல ஒன்றைக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்ன ஆச்சு?” என்று அலறினேன்.

“சொடக்கு முறிச்சேன் சார்” என்றார் மெக்கானிக். “செத்த நேரம் டீக்கடைக்குப் போயிட்டு வாங்க. டீச்சர் இருக்கட்டும், அவங்க கம்முனு இருக்காங்க.”

கண்ணாடி முழுதாக வந்தது. போர்டு முழுதாக வரவில்லை. மதுரையிலிருந்து முதலில் வந்தது வேறு அளவு. திருப்பி அனுப்பி இரண்டாவது வர ஒரு வாரம். திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை பகலில், மெக்கானிக் போன் செய்தார்.

“சார், படம் வந்துருச்சு. ஆனா ஒரு சின்ன இது.”

“என்ன இது?”

“தலைகீழா வருது.”

லேப்டாப்பில் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, அதை எடுத்துக்கொண்டு இருவரும் நாகல் நகர் போனோம். திருப்பினால் எழுத்து சிதறியது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சரியான போர்டுக்கு இன்னொரு வாரம் ஆகும் என்றார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

“எழுத்தத் திருப்ப வேணாம். பெட்டியத் திருப்பி வைங்க.”

மெக்கானிக் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு திரையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலைக் கழற்றி மறுபக்கம் மாட்டினார். எழுத்து நேராக நின்றது. சட்டத்தில் பதித்திருந்த கம்பெனியின் முத்திரை மட்டும் மேலே தலைகீழாகத் தொங்கியது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்ததை மறைக்க விரும்பவில்லை. பொட்டு வலது கீழ் மூலைக்குப் போயிருந்தது. அவள் நகத்தால் சுரண்டி எடுத்து, இடது மேல் மூலையைத் தடவிப் பார்த்து ஒட்டிக்கொண்டாள்.

மூன்றரை நாள். வழக்கமாக அது போதும். ஆனால் இந்த வாசகம் நீளம், கடைசி நான்கு வரிகளில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வந்தன. பெயர்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வாக்கிய ஓட்டம் கைகொடுக்காது. சனிக்கிழமை மாலை பன்னிரண்டு வரி பாறை மாதிரி நின்றன. கடைசி நான்கு, சொல்லும்போதெல்லாம் ஒரு பெயர் இடம் மாறியது. ஞாயிறு காலை ஆட்டோவில் போகும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் பெயர்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. மூன்றாவது பெஞ்சிலிருந்து அதை வைத்து என்ன செய்ய முடியும்?

கோயில் நிறைந்து வாசலுக்கு வெளியே பந்தலிலும் ஆட்கள். அவள் மேடைக்குப் போனாள். படி இரண்டு, இரண்டையும் சரியாக ஏறினாள். தொடங்கினாள். குரல் எப்போதும் போல. விரல் வரியில் நகர்ந்தது. ஆறாம் வரி முடிந்து தாளைப் புரட்டினாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. முதல் ஊர்ப்பெயர் வந்தது. இரண்டாவது வந்தது.

நின்றாள்.

கூட்டம் முதலில் அதை ஒரு நல்ல இடைவெளி என்றுதான் நினைத்திருக்கும். எனக்கு மூன்றாவது பெயர் தெரியும். என் உதடு அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு குழந்தை இருமியது. யாரோ செருப்பைத் தேய்த்தார்கள். ஒரு பெயரைத் தாண்டிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது, ஆண்டவர் ஊர்ப்பெயர்களை எண்ணிப் பார்ப்பவர் அல்ல. அவள் போகவில்லை. விரலை எடுத்தாள். அந்தக் கனத்த புத்தகத்தை இரண்டு கையாலும் தாங்கியிலிருந்து தூக்கினாள். வலது கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், தலையை இடப்பக்கம் திருப்பி, புத்தகம் ஏதோ ரகசியம் சொல்வது போலச் சாய்த்து வைத்துக்கொண்டு, மூன்றாவது பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பிறகு நான்காவது.

மைக் எதிரே நின்றது; வாய் பக்கவாட்டில் இருந்தது. குரல் பாதிதான் கேட்டது. பங்குத்தந்தை சின்ன வயதுக்காரர், வந்து ஒரு வருடம் ஆகவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து வந்து மைக்கின் கழுத்தை வளைத்து அவள் வாய்க்குக் கொண்டுவந்து, வாசித்து முடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். கடைசி நான்கு வரிக்கு முதல் பன்னிரண்டு வரியின் நேரம் ஆனது. முழுவதையும் வாசித்தாள். ஒன்றையும் விடவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சுற்றிக்கொண்டார்கள்.

“டீச்சர், கண்ணுக்கு என்ன?”

“நடுவுல தெரியல. ரெண்டு வருசமாச்சு.”

“ரெண்டு வருசமாவா? அப்ப போன மாசம் வாசிச்சது?”

“மனப்பாடம்.”

“ஐயோ பாவமே” என்றார் ஒருவர். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. பங்குத்தந்தை வந்தார்.

“டீச்சர், இம்புட்டு நாளாச் சொல்லவே இல்லயே.”

“நீங்க கேக்கவே இல்லயே சாமி.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “பங்குப் பேரவைல பேசிட்டுச் சொல்றேன்” என்றார். அந்த வாக்கியத்தை நான் என் வாழ்நாளில் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அவள் சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். ‘பார்வை’ என்று மேலே போட வேண்டும், முந்தைய கடிதங்களின் விவரம் அதில்தான் வரும் என்றேன். “அதைப் போட்டா ‘பார்வை: இல்லை’ன்னு எழுதுன மாதிரி இருக்கும், எடுங்க” என்றாள். கடிதத்தில் நான்கு வாக்கியம். என் நடுப்பார்வை போய்விட்டது. ஒரு வாரம் முன்னால், கறுப்பில் வெள்ளையாகப் பெரிய எழுத்தில் கிடைத்தால் தாளைக் கையில் பிடித்து எல்லோருக்கும் தெரிய வாசிப்பேன், மெதுவாகத்தான் வரும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொன்னாடை வேண்டாம். நானே கொண்டுபோய் கோயில் அலுவலகத்தில் கொடுத்தேன். ஒப்புகை கேட்டேன். அங்கே சில்லறை வேலைகள் பார்க்கும் கோயில்பிள்ளை என்னை விநோதமாகப் பார்த்து, “வாங்கிட்டேன்னு சொல்றேன்ல” என்றார்.

மகளிடமும் அன்றே சொன்னோம். அழுதாள், திட்டினாள், அன்று மாலையே ஒரு மானிட்டருக்கு ஆர்டர் போடுகிறேன் என்றாள். “வேணாம்த்தா, தலைகீழா ஒண்ணு இருக்கு” என்றாள் இவள்.

பதில் வரவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் வரவில்லை. மாத முடிவில் புதுப் பட்டியல் ஒட்டும் நாள். நான் தனியாகப் போய் அறிவிப்புப் பலகை முன் நின்றேன். நான்கு ஞாயிறு, நான்கு பெயர். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் என்ன சொல்வதென்று தயாரித்துக்கொண்டேன்.

“ஒட்டியாச்சா?”

“அதாவது, இன்னும் ஒட்டல. சாமி வெளியூர் போயிருக்காராம்.”

சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போது, “பொய் சொல்லும்போது மட்டும்தான் நீங்க ‘அதாவது’ன்னு ஆரம்பிப்பீங்க” என்றாள்.

மறுநாள் காலை திரையின் முன்னால் உட்கார்ந்தாள். “வாற ஞாயித்துக்கிழமை வாசகத்தை அடிச்சுக் குடுங்க” என்றாள். அந்த ஞாயிறு வேறு ஒருவர் முறை. அடித்துக் கொடுத்தேன். புதன் முதல் சனி வரை படித்தாள். ஞாயிறன்று பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒருவர் வாசிக்க, இவள் உதடு அசைந்தது. அவர் ஓர் இடத்தில் ஒரு சொல்லை விழுங்கியபோது இவள் உதடு அங்கே நிற்காமல் முழுதாகச் சொல்லிப் போனதைப் பார்த்தேன். அடுத்த வாரமும் அப்படியே. நினைவூட்டு ஒன்று எழுதட்டுமா என்று கேட்டேன். “எழுதுனா நான் கோயிலையே மாத்திருவேன்” என்றாள். நான் எழுதவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கேட் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். பால்காரர், கேஸ்காரர், பக்கத்து வீட்டுப் பூனை.

ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கோயில்பிள்ளை சைக்கிளை நிறுத்தி, பெரிய பழுப்பு உறை ஒன்றை நீட்டினார்.

“சாமி குடுத்தாரு. தாள்ல கைய வைக்காதீங்க, மை இன்னும் ஒட்டுது. நேத்திலிருந்து மிசினைப் போட்டு ஓட்டிக்கிட்டே இருந்தாரு. ஞானஸ்நானச் சான்று ஒண்ணு எடுக்கப் போனா மை சுத்தமாக் காலி.”

உள்ளே ஏழு தாள். நவம்பர் முதல் ஞாயிறின் முதல் வாசகம், கறுப்பில் வெள்ளையாக, கட்டைவிரல் அகல எழுத்தில். கடிதம் இல்லை. எண் இல்லை, பொருள் இல்லை, கையொப்பம் இல்லை. இப்படி ஒரு தபாலை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது. அவள் முதல் தாளை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், வலது கன்னத்தருகே பிடித்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். விரலில் மை ஒட்டியது. முதல் வரியைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

நான் உறையை எடுத்து, வலது மேல் மூலையில் பேனாவால் எழுதினேன்: பெறப்பட்டது, அக்டோபர் பதினாறு.